தானே நடக்கும் வியாபாரமும் நாமே ஏற்க வேண்டிய பொறுப்பும்

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடுவது நம்மீது கடமை. அப்படித் தேடும் வழி காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஒட்டகத்தில் சரக்கேற்றிய காலம் போய், கப்பலும் ரயிலும் வந்தன. இன்று உள்ளங்கையில் இருக்கும் செல்போனே கடையாகிவிட்டது. வழி மாறினாலும் ஹலால், ஹராமின் எல்லைகள் மாறுவதில்லை. அந்த எல்லைகள் இந்தப் புதிய கடையில் எங்கே ஓடுகின்றன என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

ஒரு சகோதரரின் வினா

நாம் வாழும் நெய்வேலியில், ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர் ஒரு சகோதரர் நம்மிடம் வந்து அமர்ந்தார். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர். நிரந்தர வேலைக்காரருக்குரிய சம்பளமோ, குவார்ட்டர்ஸோ அவருக்கு இல்லை. இரண்டு பெண் மக்கள் படிக்கிறார்கள். சம்பளம் போதவில்லை. "ஹஜ்ரத்! செல்போனில் ஒரு கடை போட்டிருக்கிறேன். நான் ஷிப்டில் இருந்தாலும், தூங்கினாலும் அது தானே நடக்கிறது. இந்த வருமானம் கூடுமா, கூடாதா?" என்று கேட்டார்.

கடை நடக்கும் விதத்தை விவரிக்கச் சொன்னோம். பண்ருட்டி முந்திரிப் பருப்பின் படத்தைத் தம் கடைப் பக்கத்தில் போட்டு, விலையும் எழுதியிருக்கிறார். வாங்குபவர் பணம் செலுத்தியவுடன் நன்றிச் செய்தி தானே போகிறது. முகவரி பண்ருட்டியிலுள்ள ஒரு வியாபாரிக்குத் தானே போகிறது. அவர் பொட்டலம் கட்டி அனுப்பிவிடுகிறார். அவருக்குரிய விலை போக, கிலோவுக்கு 80 ரூபாய் இவருக்கு மிஞ்சுகிறது. ஒரே மாதத்தில் 43 கிலோ விற்று 3,440 ரூபாய் கிடைத்திருக்கிறது. இவர் பருப்பை வாங்கவுமில்லை, தொடவுமில்லை, பார்க்கவுமில்லை. இதனை 'டிராப் ஷிப்பிங்' என்கிறார்கள்.

"புகார் ஏதும் வந்ததா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: மதுரையிலிருந்து ஓர் அம்மையார் மகளின் நிகாஹ் விருந்துக்காக இரண்டு கிலோ முழுப் பருப்பு கேட்டுப் பணம் செலுத்தியிருந்தாராம். போய்ச் சேர்ந்ததில் பாதி உடைந்த பருப்பு. அம்மையார் மூன்று முறை முறையிட்டு எழுதினார். மூன்று முறையும், 'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' என்று இயந்திரம் பதில் எழுதியது. மனிதர் எவரும் படிக்கவில்லை.

சகோதரர்களே! இந்த மஸ்அலாவின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இயந்திரம் யாருடைய கை?

இயந்திரத்தைக் கொண்டு வேலை வாங்குவது தவறன்று. நெய்வேலியில் இருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் சுரங்கங்களில் பக்கெட் வீல் இயந்திரம் மண்ணை வெட்டுகிறது. கன்வேயர் பெல்ட் அதைச் சுமந்து செல்கிறது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழாதிருக்க, பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. எல்லாம் இயந்திரமே. ஆயினும் ஒவ்வொரு ஷிப்டிலும் அதற்குப் பொறுப்பான மனிதர் இருக்கிறார். பம்பு நின்றுவிட்டால் பம்பையா விசாரிப்பார்கள்? பொறுப்பில் இருந்தவரைத்தானே விசாரிப்பார்கள்!

மார்க்கத்திலும் இதற்கோர் உவமை உண்டு. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்து வரும் பிராணியை உண்பது பற்றித் திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயமான அல்மாயிதா பேசுகிறது. எசமானர் அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால், நாயின் செயல் ஏவியவரின் செயலாகக் கணிக்கப்படுகிறது. ஆனால் நாய் பழகியதாக இருக்க வேண்டும். ஏவினால் செல்ல வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தான் தின்னாமல் எசமானருக்காக வைத்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு கிதாபுகளில் ஷரத்து கூறப்பட்டுள்ளது. ஏவாமல் தானே ஓடிப்போய்க் கொன்றது ஆகாது.

நம் செல்போன் கடையையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். நாம் ஏவியதை மட்டும் அது செய்கிறதா? நிறுத்தச் சொன்னால் நிற்குமா? நம் பெயரால் அது என்ன வாக்குக் கொடுக்கிறது என்று நமக்குத் தெரியுமா? தெரியாதென்றால் பழகாத நாயை ஊருக்குள் அவிழ்த்துவிட்டவரின் நிலையில் இருக்கிறோம். அது எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் நம் வார்த்தையே. அது வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் கணக்கிலேயே எழுதப்படும்.

கையில் இல்லாததை விற்பது

இனிச் சகோதரரின் வினாவுக்கு வருவோம். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வியாபாரம் செய்து வந்த ஸஹாபி. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆட்கள் வருவதாகவும், அதை அவர்களுக்கு விற்றுவிட்டுப் பிறகு கடைத்தெருவில் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஹகீம் (ரலி) அவர்கள் கேட்டதற்கும், நம் சகோதரர் செல்போனைக் காட்டிக் கேட்டதற்கும் என்ன வேற்றுமை?

இத்தடையின் உட்பொருள் இன்னொரு ஹதீஸில் விளங்குகிறது. எதற்கு ஒருவர் பொறுப்பேற்கவில்லையோ அதிலிருந்து லாபம் அடைவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொறுப்பு ஏற்பவருக்கே பலன் என்பது மார்க்கத்தின் அடிப்படைச் சட்டம். இதனை ஃபுகஹாக்கள் 'ளமான்' என்பர்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் 'தானே' புயல் நம் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அதற்கு முந்திய இரவு, கையில் ஒரு பருப்பும் இல்லாத ஒருவர் நூறு பேரிடம் பணம் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தபின் அந்த நூறு பேருக்கும் அவர் என்ன சொல்வார்? "வியாபாரியிடம் சரக்கில்லை" என்பார். லாபம் வரும்போது 'என் கடை' என்றவர், நஷ்டம் வரும்போது 'அவர் சரக்கு' என்கிறார். மார்க்கம் அடைக்க விரும்பும் வாசல் இதுவே.

ஆகுமான மூன்று வழிகள்

மார்க்கம் ஒரு வாசலை அடைத்தால் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. அதே செல்போன், அதே முந்திரி. ஒப்பந்தத்தை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் வழி, வகாலத். அதாவது முகவராக இருந்து கூலி பெறுவது. சரக்கு இன்ன வியாபாரியுடையது, நாம் அவருடைய முகவர் என்று கடைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். வியாபாரியின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று, கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். தரகுக் கூலியில் தவறில்லை என்று இப்னு ஸீரீன், அதா (ரஹ்) போன்ற தாபிஈன்கள் கருதியதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் குறித்துள்ளார்கள். சதவீதக் கமிஷனையும் இக்காலத்து ஆலிம்கள் பலர் அனுமதிக்கின்றனர். எனினும் தொகையை ரூபாயில் நிர்ணயிப்பதே பேணுதல். இந்த வழியில் வாங்குபவரின் பணம் நம் கணக்குக்கு வந்தால் அது அமானிதம். அதை நம் செலவுக்கு எடுத்துவிட்டு, வியாபாரிக்கு மெல்லக் கொடுப்போம் என்பது கூடாது.

இரண்டாம் வழி, முதலில் வாங்கிக் கைப்பற்றி, பிறகு விற்பது. பத்து கிலோவாயினும் சொந்தப் பணத்தில் வாங்கி, நம் வசம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இடமில்லையென்றால் நமக்காக வேறொருவர் கைப்பற்றி, நம் சரக்கைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு சரக்கு தீர்ந்ததும் கடை தானே மூடிக்கொள்ளும்படி இயந்திரத்தைப் பழக்க வேண்டும். அது மிக எளிது. இந்த வழியில் பூச்சி அரித்தாலும், விலை விழுந்தாலும் நஷ்டம் நம்முடையது. ஆகவே லாபமும் நம்முடையது. பொருள் வந்தபின் பணம் என்ற முறையில் விற்பவர், வாங்குபவர் பொருளைப் பார்த்துப் பெற்றுக்கொள்ளும்போதுதான் வியாபாரம் முடிவாகிறது என்று முன்னதாகவே எழுதிவிடுவது நல்லது.

மூன்றாம் வழி, ஸலம். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து, ஓரிரு ஆண்டு கழித்துப் பழம் பெறும் வழக்கம் இருந்தது. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள். ஆகவே சரக்கு கையில் இல்லாவிட்டாலும், முழு விலையையும் ஒப்பந்த நேரத்திலேயே பெற்றுக்கொண்டு, இன்ன ரகம், இன்ன எடை, இன்ன தேதி, இன்ன இடம் என்று எழுதிக் கொடுத்து விற்கலாம். இதில் பொருளைக் கொடுத்தே தீரும் கடன் விற்பவரின் தலைமீது ஏறுகிறது. ஒரு வியாபாரி கைவிரித்தால் வேறிடத்தில் வாங்கியாவது கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பணத்தை முழுவதும் திருப்ப வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இதற்குத் தவணை அவசியம். ஷாஃபிஈ மத்ஹபில் உடனடி ஸலமும் கூடும். பொருள் வந்தபின் பணம் என்பது ஸலமாகாது.

இம்மூன்றையும் மறுபடி பாருங்கள். வகாலத்தில் உழைப்புக்குக் கூலி. சொந்தச் சரக்கில் நஷ்டத்தை ஏற்றதற்கு லாபம். ஸலமில் கடனை ஏற்றதற்கு லாபம். ஒன்றையும் ஏற்காமல் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும் இங்கே இடமில்லை.

சரக்கின் குணமும் குறையும்

மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். செல்போன் கடையில் வாங்குபவர் குவியலுக்குள் கைவிட முடியாது. ஆகவே நாமே கைவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முந்திரியில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று ரகங்கள் உண்டு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை முழு வெள்ளைப் பருப்பு. டபிள்யூ 240 அதைவிடப் பெரிய பருப்பு. 'முதல் தரம்' என்று மொட்டையாக எழுதாமல் ரகம், எடை, முழுப் பருப்பா, உடைந்ததா என்பவற்றை எழுத வேண்டும். பிறர் எடுத்த அழகிய படத்தைப் போடாமல் நம் சரக்கின் படத்தையே போட வேண்டும். செயற்கை அறிவு கொண்டு விளம்பரம் எழுதினால் வரிக்கு வரி படித்துப் பார்த்து, உண்மையல்லாததை அடித்துவிட வேண்டும். சொல்லியபடி இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபுகஹாக்கள் இதனைக் 'கியாருல் ஐப்' என்பர்.

வேறு சில தந்திரங்களும் நடக்கின்றன. 'இன்னும் இரண்டே பாக்கி' என்று பொய்யாகக் காட்டுவது, கடிகாரத்தை ஓடவிட்டு அவசரப்படுத்துவது, உறவினரைக் கொண்டு பாராட்டு எழுத வைப்பது. வாங்கும் எண்ணமில்லாமல் விலை கேட்டு ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' என்ற செயலை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இவை அதன் புதிய உருவங்களே. நாட்டின் சட்டமும் இவற்றைத் தடுக்கிறது. விற்பவரே வாங்கியவர் போல் பாராட்டு எழுதக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. பொய் அவசரம் காட்டுதல் உட்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்தது. உணவுப் பொருள் விற்பவர் அதற்குரிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவையும் பெற்றிருக்க வேண்டும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. ஒரு துணியில் குறை உண்டு, விற்கும்போது அதைச் சொல்லிவிடும்படி கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரும் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 'கூட்டாளிதானே மறந்தார்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'இயந்திரம்தானே பதில் எழுதியது' என்று நாம் சொல்லலாமா?

ஜும்ஆ நேரமும் ஷிப்ட் நேரமும்

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டதும் வியாபாரத்தை விட்டுவிடுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். நாம் ஸஃப்பில் இருக்கும்போது செல்போன் கடை விற்றுக்கொண்டிருந்தால்? தொழுகையை விட்டுத் திருப்பும் என்பதே தடைக்குக் காரணம். உரிமையாளர் பள்ளியில் இருக்கிறார், ஆகவே குற்றமில்லை என்று சிலர் விளக்குவர். ஆனால் மறுபக்கம் வாங்குபவர் ஜும்ஆ கடமையான ஆணாக இருக்கலாமே! வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் கடை தானே மூடும்படி அமைத்துவிடுவதே பேணுதல். நாய் நிற்கப் பழகியிருக்கிறதா என்பதற்கு அதுவே வாராந்திரச் சோதனை.

அடுத்து ஷிப்ட் நேரம். குறிப்பிட்ட நேரத்தை ஒருவருக்கு விற்றுச் சம்பளம் பெறுபவரை ஃபுகஹாக்கள் 'அஜீர் காஸ்' என்பர். அந்த நேரம் அவருடையதன்று. ஷிப்டில் செல்போனைப் பார்த்து வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது சம்பளத்தில் சந்தேகத்தைக் கலப்பதாகும். சுரங்கத்தில் அது உயிருக்கும் ஆபத்து. பொதுத்துறை அதிகாரிகளின் நடத்தை விதிகள் அனுமதியின்றித் தனி வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது இறைக்கட்டளை. ஆகவே தம் வேலையின் விதியைக் கேட்டறிந்த பின்னரே கடை திறக்க வேண்டும்.

"மனைவி பெயரில் நடத்தலாமே" என்பர் சிலர். உண்மையிலேயே மனைவி நடத்தினால் தாராளமாகக் கூடும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பிறரிடம் சரக்கைக் கொடுத்தனுப்பி வியாபாரம் செய்த சீமாட்டியல்லவா! ஆனால் அப்போது முதலும் லாபமும் மனைவிக்கே சொந்தம். அவர் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கணவர் எடுக்கக்கூடாது. பெயர் மட்டும் மனைவியுடையது, வியாபாரம் கணவருடையது என்றால் அது பொய்க் கணக்கு.

ஜகாத்தையும் மறக்கலாகாது. சொந்தச் சரக்கு வைத்து விற்பவர் ஆண்டு நிறைவில் சரக்கின் சந்தை மதிப்பு, கையிருப்புப் பணம், இன்னும் வந்து சேராத விற்பனைப் பணம் ஆகியவற்றைக் கூட்டி, நிஸாபை அடைந்தால் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். சரக்கு வேறு ஊர்க் கிடங்கில் இருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும்.

வேலையே இல்லாத வருமானம்

'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பணத்தைக் கட்டுங்கள், மாதாமாதம் லாபம் தானே வரும்' என்று அழைப்பவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பெங்களூரில் 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பணம் திரட்டி, 2019 ஜூனில் சரிந்தது. பல்லாயிரம் குடும்பங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், சேமிப்பை இழந்தனர். ஹலால் என்ற பெயர்ப்பலகை ஒரு பொருளை ஹலாலாக்காது. லாபம் நிச்சயம் என்று தொகை குறிப்பவரிடமும், ஆள் சேர்த்தால் கமிஷன் என்பவரிடமும், வருமான ரகசியம் கற்பிக்க ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "என்ன பொருள், யாருக்கு விற்கப்படுகிறது, நஷ்டம் வந்தால் யார் ஏற்பது?" பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே சைபர் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம்.

முடிவுரை

நம் சகோதரர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இதுவரை வந்த 3,440 ரூபாயை என்ன செய்வது?"

அறியாமல் செய்தது, தவ்பாச் செய்யுங்கள். முதலில் மதுரை அம்மையாரின் ஹக்கைத் தீருங்கள். அடியாரின் ஹக்கு தவ்பாவால் மட்டும் தீராது. மீதியில் சந்தேகம் இருப்பதால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பேணுதல் என்று கூறினோம். மறுநாள் அவரே அந்த அம்மையாருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நிகாஹ் முடிந்து பருப்பும் செலவாகிவிட்டபடியால், முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அனுப்பிவைத்தார். மீதியைத் தர்மம் செய்தார். சிறுகச் சேர்த்திருந்த பணத்தில் பதினைந்து கிலோ வாங்கி, தாமே பிரித்துப் பார்த்து, அவர் மனைவி எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறார். இப்போது லாபம் முன்னைவிடக் குறைவு, வேலை அதிகம். புகார் வந்தால் இயந்திரம் பதில் எழுதுவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவரே படிக்கிறார்.

"முன்பு நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைத்திருந்தேன் ஹஜ்ரத். இப்போதுதான் தூங்குகிறேன்" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், அதில் பரக்கத்தையும், பிறர் ஹக்கைப் பேணும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.